ஷெல்லாக்கில் நிறத்தூள் கலந்து ஜப்பானிய அரக்கு வேலையைப் போலச் செய்ய முடியுமா?

வீட்டில் இருக்கும் சிறிய தேக்கு அலமாரியை, கருப்பும் பொன்னுமாக இருக்கும் ஜப்பானிய அரக்குப் பெட்டிகளைப் போல ஆக்க வேண்டும். ஷெல்லாக் என்ற அரக்குப் பிசின் வார்னிஷில் கருப்புத் தூள் கலந்து நான்கு கை அடித்தாயிற்று. ஆனால் எனாமல் அடித்த இரும்பு பீரோ மாதிரி வந்து நிற்கிறது. பொருள் தவறா, முறை தவறா? இதுதான் உங்கள் கேள்வி.

பொருள் சரி. ஐரோப்பாவில் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் இதே பொருளை வைத்துத்தான் சீன, ஜப்பானிய அரக்கு வேலையைப் போலச் செய்தார்கள். நீங்கள் கவனிக்காமல் விட்டது நிறத்துக்குக் கீழே இருக்க வேண்டிய தளத்தையும், நிறத்துக்கு மேலே ஏற வேண்டிய தெளிந்த அடுக்குகளையும். கருப்பு அடிப்பது இந்த வேலையில் மிகச் சிறிய பங்கு. மரத்தின் ரேகை முழுக்க மறையும்படி தளம் போட வேண்டும். அதன் மேல் மெல்லிதாக நிறம். அதற்கும் மேலே நிறமே இல்லாத, அல்லது நிறம் சற்றே தொட்ட ஷெல்லாக் பல கை ஏற வேண்டும். பார்ப்பவர் கண்ணுக்கு ஆழம் என்று படுவது அந்தக் கடைசி அடுக்குகள்தான். வெளிச்சம் அவற்றுக்குள் இறங்கி, அடியில் இருக்கும் கருப்பைத் தொட்டுத் திரும்புகிறது. நிறம் மேல்மட்டத்திலேயே நின்றுவிட்டால் வெளிச்சமும் அங்கேயே நின்றுவிடும்.

முதலில், எதைப் போலச் செய்கிறோம் என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. ஜப்பானில் உருஷி என்று சொல்லப்படும் அசல் அரக்கு ஒரு மரத்தின் பால். பத்து வயதுக்கு மேல் ஆன மரத்தின் பட்டையைக் கீறி, கசிகிற பாலைச் சொட்டுச் சொட்டாக எடுப்பார்கள். ஒரு மரத்தில் ஒரு பருவத்துக்குக் கிடைப்பது ஏறத்தாழ 200 கிராம். இது காற்றில் ஆவியாகிக் காய்கிற பொருள் கிடையாது. பாலுக்குள்ளேயே இருக்கும் லாக்கேஸ் என்ற நொதி, காற்றிலுள்ள ஆக்சிஜனைக் கொண்டு அதை இறுகச் செய்கிறது. அதற்கு 70 முதல் 85 சதவீதம் வரை ஈரப்பதம் தேவை. ஆகவே மற்ற வார்னிஷ்களுக்கு எதிரியான ஈரக்காற்றுதான் இதற்கு உயிர். இறுகிவிட்டால் சாராயம், சூடு, அமிலம் எதுவும் எளிதில் அசைக்காது. பச்சையாகக் கையில் பட்டாலோ தோல் கொப்பளித்துவிடும்.

நம் ஷெல்லாக், அதாவது அவலரக்கு, வேறொரு வம்சம். அது பூச்சி சுரக்கிற பிசின். புரசு, இலந்தை, குசும் மரங்களின் கிளைகளில் அரக்குப் பூச்சிகள் கூட்டமாக ஒட்டிக்கொண்டு மேலே ஓடுபோலச் சுரந்து வைக்கின்றன. கிளையோடு வெட்டியெடுத்தால் கொம்பரக்கு. நாட்டு மருந்துக் கடையில் பார்த்திருப்பீர்கள். உடைத்துக் கழுவிச் சாயத்தைப் போக்கினால் மணி மணியாகக் கிடைப்பது சீட்லாக். அதை உருக்கி வடித்து மெல்லிய தகடாக இழுத்து நொறுக்கினால் ஷெல்லாக். ஜார்க்கண்ட், சத்தீஸ்கர் காட்டுப்பகுதிகள்தான் இன்றும் இதற்குப் பெரிய விளைநிலம். ராஞ்சிக்குப் பக்கத்திலுள்ள நாம்கும்மில் அரக்கு ஆராய்ச்சிக்கென்றே ஒரு நிறுவனம் 1924-ல் தொடங்கப்பட்டது.

இந்த இரண்டு பொருளும் ஒன்றையொன்று சந்தித்தது கடல் வணிகத்தால். போர்த்துகீசியர் 1543-ல் ஜப்பானில் இறங்கினார்கள். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் முத்துச்சிப்பியும் பொன்னும் பதித்த அரக்குப் பெட்டிகள் ஐரோப்பாவுக்குப் போகத் தொடங்கிவிட்டன. பிறகு டச்சுக்காரர்கள் வந்தார்கள். 17-ம் நூற்றாண்டில் சீனாவிலிருந்து செதுக்கிய பெரிய மடக்குத் திரைகளும் போயின. அவற்றை ஐரோப்பியர்கள் இன்றுவரை கோரமண்டல் அரக்கு என்றுதான் சொல்கிறார்கள். செய்தது சீனாவில், நம் சோழமண்டலக் கரைத் துறைமுகங்கள் வழியாகக் கப்பல் ஏறியதால் இந்தப் பெயர். தேவை அதிகம், சரக்கோ குறைவு. திரைகளை அறுத்து, படம் தலைகீழாக வந்தாலும் கவலைப்படாமல், அலமாரிக் கதவுகளில் பொருத்திய தச்சர்கள்கூட உண்டு. பாரிஸில் பெர்னார் வான் ரிசன்பர்க் என்ற தச்சர் ஜப்பானியப் பெட்டிகளின் அரக்குப் பலகையை மெல்லிதாகச் சீவி, கமோட் என்று சொல்லப்படும் வளைந்த இழுப்பறை அலமாரிகளின் முகப்பில் ஒட்டினார். 1737-ல் பிரெஞ்சு அரசிக்காக அவர் செய்த ஒன்று புகழ்பெற்றது. அப்படி ஒட்டிய பலகையைச் சுற்றி மீதமிருக்கும் மரத்தையும் அதே கருப்புக்குக் கொண்டுவர வேண்டுமே. அங்கேதான் போலி அரக்கு வேலையின் உண்மையான சோதனை: அசலும் போலியும் ஒரே முகப்பில், பக்கத்தில் பக்கத்தில்.

உருஷி பாலைக் கப்பலில் கொண்டுபோய் அங்கே பயன்படுத்த வழி இல்லாததால், ஐரோப்பியர்கள் தங்கள் கையில் இருந்ததை எடுத்தார்கள். இந்தியாவிலிருந்து போன சீட்லாக், ஷெல்லாக். அதைக் கரைக்க வடித்த சாராயம். 1688-ல் ஆக்ஸ்ஃபோர்டில் ஜான் ஸ்டாக்கர், ஜார்ஜ் பார்க்கர் இருவரும் இந்த வேலைக்கென்றே ஒரு கைநூல் வெளியிட்டார்கள். ஜப்பானிங் என்ற பெயர் பரவ அது முக்கியக் காரணம். அவர்கள் கருப்புக்குச் சொல்லும் வரிசையைக் கவனித்தால் உங்கள் கேள்விக்கு விடை அதிலேயே இருக்கிறது. முதலில் விளக்குக் கரி நன்றாகச் சேர்த்த வார்னிஷ் சில கை. அடுத்து கரி குறைந்தது. கடைசியாக, கருப்பு வெறுமனே தொட்ட நல்ல சீட்லாக் வார்னிஷ். இது மற்ற இரண்டையும்விட அதிகக் கை. பிறகு பல நாள் ஆறவிட்டு, டிரிப்போலி என்ற மென்மையான கல்தூளால் தேய்ப்பு. நிறம் மேலே போகப் போகக் குறைகிறது. 300 ஆண்டுக்கு மேல் ஆகியும் இதைவிட நல்ல வரிசையை நான் பார்க்கவில்லை.

எல்லா ஐரோப்பிய அரக்குப் போலியும் ஷெல்லாக் என்று நினைத்துவிட வேண்டாம். பாரிஸில் மார்ட்டின் சகோதரர்கள் கோபல் என்ற மரப்பிசினை எண்ணெயில் காய்ச்சி வேலை செய்தார்கள். வெனிஸில் அச்சடித்த படங்களை வெட்டி ஒட்டி அதன் மேல் வார்னிஷ் ஏற்றும் மலிவு முறையும் இருந்தது. ஆனால் வீட்டில், காய்ச்சும் அடுப்பில்லாமல் செய்வதற்கு ஷெல்லாக்தான் ஏற்றது.

நம் ஊரில் இதற்கு ஒரு சொந்தக்கார வேலை இருக்கிறது: அம்பாசமுத்திரத்து மரச்சொப்பு, கர்நாடகத்துச் சென்னபட்டணா பொம்மை, ஆந்திரத்து ஏட்டிகொப்பாக்கா பொம்மை. இவற்றிலும் நிறம் சேர்த்த அரக்குதான். ஆனால் அங்கே சாராயம் கிடையாது. கடைசல் பட்டறையில் சுழலும் மரத்தின் மேல் அரக்குக் குச்சியை அழுத்த, உராய்வின் சூட்டில் அது உருகிப் படிகிறது. சென்னபட்டணாவில் அதன் மேல் தாழை மடலை அழுத்திப் பளபளப்பு ஏற்றுவார்கள். அழகும் உறுதியும் கூடிய வேலை. ஆனால் சுழலக்கூடிய உருண்டைப் பொருளுக்கு மட்டுமே அது பொருந்தும். தட்டையான அலமாரிக் கதவைக் கடைசலில் பொருத்த முடியாது. அதனால் நமக்குக் கரைசலும் பிரஷ்ஷும்தான் வழி.

சரி, வேலைக்கு வருவோம்.

தேக்கின் ரேகையும் துளைகளும் அழகுதான். ஆனால் இந்த வேலைக்கு அவை பெரிய தடை. எத்தனை கை ஷெல்லாக் ஏற்றினாலும் துளை இருக்கும் இடத்தில் பூச்சு மெல்ல உள்வாங்கும். ஒரு மாதம் கழித்துச் சாய்ந்த வெளிச்சத்தில் பார்த்தால் கருப்புக்குள் தேக்கின் கோடுகள் திரும்பத் தெரியும். பழைய ஆட்கள் பேரி மரத்தைப் போல இறுக்கமான மரத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். ஓக், பைன் என்றால் வஜ்ஜிரப் பசையும் சாக் பவுடரும் கலந்து தளம் போட்டார்கள். அமெரிக்காவின் பாஸ்டனில் இருந்த ஜப்பானிங் கலைஞர்கள் மேப்பிள், பைன் மரங்களில் தளமே இல்லாமல் நேராக நிறம் பூசினார்கள். மரம் அதற்கு இடம் கொடுத்தது. தேக்கு கொடுக்காது.

தளத்துக்கு நான் சொல்வது பழைய முறைதான். தச்சர்கள் பயன்படுத்தும் வஜ்ஜிரத்தை, ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீர் என்ற எடைக் கணக்கில் இரவெல்லாம் ஊறவைக்கவும். காலையில் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்துச் சூடாக்கிக் கரைக்க வேண்டும். நேரடியாக அடுப்பில் வைத்துக் கொதிக்கவிட்டால் பசையின் பலம் போய்விடும். கரைந்ததும் அதில் சலித்த சாக் பவுடரைத் தூவித் தூவி, தானாக அமிழ்வது நிற்கும் வரை போடுங்கள். வேகமாகக் கலக்காதீர்கள், காற்றுக் குமிழ் புகுந்தால் ஊசிமுனைத் துளைகளாகக் கடைசிவரை துன்பம் தரும். வெதுவெதுப்பாக இருக்கும்போதே ஆறேழு மெல்லிய கை அடிக்கவும். எல்லாக் கைக்கும் ஒரே பலத்தில் பசை இருக்க வேண்டும், அல்லது மேலே போகப் போகக் குறைய வேண்டும். பலமான அடுக்கு பலவீனமான அடுக்கின் மேல் உட்கார்ந்தால் அது இழுத்து வெடிக்கும்.

இதற்கு முன்னால் தேக்கின் எண்ணெய்ப்பசையை ஸ்பிரிட் (பாலிஷ் வேலைக்கு விற்கும் சாராயம்) தொட்ட துணியால் ஒருமுறை துடைத்துவிட வேண்டும். பலகைகள் சேரும் மூட்டுகளில் மல் துணியைக் கீற்றாக வெட்டி வஜ்ஜிரத்தில் தோய்த்து ஒட்டினால் இன்னும் நல்லது. ஜப்பானியக் கலைஞர்களும் அடித்தளத்தில் துணி ஒட்டுகிறார்கள். மரம் மழைக்காலத்தில் விரியும், கோடையில் சுருங்கும். மூட்டுக்கு நேர் மேலே பூச்சு வெடிப்பதுதான் பழைய ஜப்பானிங் சாமான்களில் அதிகம் காணும் சேதம்.

தளம் காய்ந்ததும் 240, பிறகு 400 எண் உப்புத்தாளைக் கட்டையில் சுற்றித் தேய்த்துச் சமப்படுத்துங்கள். விரலால் தடவிப் பார்ப்பதை நம்பலாம். கண்ணைவிட அது நேர்மையாகச் சொல்லும். இந்த இடத்தில் எவ்வளவு நேரம் போனாலும் போகட்டும். பளபளப்பு ஏறிய பிறகு ஒவ்வொரு மேடும் பள்ளமும் பத்து மடங்காகத் தெரியும். சமப்படுத்திய தளம் சுண்ணம் என்பதால் உறிஞ்சும். எனவே மிக நீர்த்த ஷெல்லாக்கை இரண்டு கை கொடுத்து அடைத்துவிட வேண்டும். இந்த முழு வேலையும் வேண்டாம் என்றால், தேக்கை விட்டுவிட்டு நல்ல எம்.டி.எஃப் பலகையில் செய்த சிறு பெட்டியில் தொடங்கலாம். ஓரங்களை மட்டும் நன்றாக அடைத்தால் போதும்.

ஷெல்லாக்கைத் தயார் நிலையில் டப்பாவில் வாங்காமல் செதிலாக வாங்கி நீங்களே கரைப்பது உத்தமம். காரணம் இருக்கிறது. சாராயத்தில் கரைந்த ஷெல்லாக் மெல்ல மெல்ல அதோடு வினைபுரிந்து, ஆறு மாதம், ஒரு வருடத்தில் சரியாக இறுகாத பிசுபிசுப்பான பொருளாகிவிடுகிறது. கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு விட்டு மறுநாள் நகத்தால் கீறிப் பாருங்கள். நகம் பதிந்தால் அந்தக் கரைசலைச் சாமானுக்கு எடுக்காதீர்கள். செதிலுக்கும் ஆயுள் உண்டு. வெயில் படும் இடத்தில் வருடக்கணக்கில் கிடந்தால் கரையாமல் களியாக நிற்கும்.

வழக்கமான பலத்துக்கு ஒரு லிட்டர் ஸ்பிரிட்டுக்கு 240 கிராம் செதில். நீர்த்ததற்கு அதில் பாதி. கண்ணாடி ஜாடியில் கரையுங்கள். இரும்பு டப்பாவில் வைத்தால் ஷெல்லாக்கின் அமிலம் இரும்போடு சேர்ந்து நிறம் கறுத்துவிடும். கடையில் தின்னர் கொடுத்தால் வாங்க வேண்டாம், பாலிஷ் ஸ்பிரிட் என்றே கேளுங்கள். தண்ணீர் கலந்த ஸ்பிரிட் பூச்சை வெளுக்கச் செய்யும். கருப்புக்கும் சிவப்புக்கும் ஆரஞ்சு அல்லது கார்னெட் வகைச் செதில் அருமையாக இருக்கும். அதன் செம்பழுப்புச் சாயல் கருப்புக்கு ஒரு கதகதப்பைக் கொடுக்கிறது. நீலம், வெள்ளை, இளம்பச்சை என்று போனால் மெழுகு நீக்கி வெளுத்த வகைதான் வேண்டும். மஞ்சள் சாயல் நீலத்தைப் பச்சையாக்கும், வெள்ளையை அழுக்காக்கும். பழைய ஐரோப்பிய வேலைகளில் கருப்பும் சிவப்பும் அவ்வளவு அதிகமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி நிறம். ஸ்பிரிட்டில் கரைகிற சாயத்தைத் தவிர்த்து, கரையாமல் மிதக்கிற நிறத்தூளை எடுங்கள். சாயம் அடுத்த கை அடிக்கும்போதெல்லாம் கரைந்து மேலேறி வரும். தெளிந்த அடுக்கு என்று ஒன்று மிஞ்சாது. கருப்புக்கு விளக்குக் கரி. சிவப்புக்கு அந்தக் காலத்தில் வெர்மிலியன், அதாவது பாதரசமும் கந்தகமும் சேர்ந்த சாதிலிங்கம். 1730-களில் லண்டனில் கைல்ஸ் கிரெண்டி என்ற தச்சர் ஸ்பெயினின் இன்ஃபன்டாடோ பிரபு குடும்பத்துக்கு அனுப்பிய செந்நிற ஜப்பானிங் நாற்காலிகளையும் அலமாரிகளையும் இன்று லண்டன், நியூயார்க் அருங்காட்சியகங்களில் பார்க்கலாம். அந்தச் சிவப்பைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். ஆனால் பாதரசத் தூளை வீட்டில் அரைப்பதற்கு நான் ஒருநாளும் சம்மதம் சொல்ல மாட்டேன். இரும்பு ஆக்சைடு சிவப்பை அடிக்குப் போட்டு, அதன் மேல் பிரகாசமான ஒரு கரிமச் சிவப்பு போட்டால் மிக அருகில் வரும். கரிமச் சிவப்புகளில் சில ஸ்பிரிட்டில் கசியும். சிறிது தூளை ஸ்பிரிட்டில் போட்டு ஒரு நாள் வைத்துப் பாருங்கள். தூள் அடியில் படிந்த பிறகும் மேலே நிற்கும் ஸ்பிரிட் சிவந்திருந்தால் அது வேண்டாம்.

தூளை நேராக ஜாடியில் கொட்டிக் கலக்குவதுதான் எல்லோரும் செய்வது, மொரமொரப்பாக வருவதற்கும் அதுதான் காரணம். ஒரு தடித்த கண்ணாடிப் பலகையில் தூளைக் குவித்து, சிறிது ஸ்பிரிட் விட்டு நனைத்து, பிறகு கொஞ்சம் ஷெல்லாக் கரைசல் சேர்த்து, தட்டையான அடியுள்ள கண்ணாடிக் குழவியால் அரைக்க வேண்டும். ஸ்பிரிட் சீக்கிரம் ஆவியாகும். அவ்வப்போது சில சொட்டு விட்டுக்கொண்டே அரையுங்கள். பசை போல வந்ததும் மீதிக் கரைசலில் சேர்த்து மெல்லிய நைலான் துணியில் வடிகட்டவும். அளவைப் பொறுத்தவரை, கரைசலில் இருக்கும் உலர்ந்த ஷெல்லாக்கின் எடையில் கால் பங்கு இரும்பு ஆக்சைடு என்று தொடங்கலாம். விளக்குக் கரிக்கு அதில் பாதிகூட வேண்டாம், அது அவ்வளவு வீரியமானது. ஒரே கையில் மறைக்க வேண்டும் என்று தூளை அதிகமாக்காதீர்கள். பிசின் போதாமல் பூச்சு சுண்ணாம்பு போல உதிரும், துணியில் ஒட்டும். மூன்று கையில் மறைத்தால் சரியான அளவு.

கரித்தூளைக் கையாளும்போது முகக்கவசம் போடுங்கள். ஸ்பிரிட் ஆவி தீப்பிடிக்கும், மெத்தனால் கலந்தது வேறு. சன்னல் திறந்த அறை, பக்கத்தில் அடுப்போ விளக்கோ கூடாது.

அடிக்கும்போது ஒரு பெரிய சிக்கல்: ஷெல்லாக் ஒருபோதும் தன் முந்தைய அடுக்கை மறப்பதில்லை. புதுக் கையிலுள்ள ஸ்பிரிட் பழையதைக் கரைத்து அதோடு ஒன்றாகிவிடும். இதுதான் அதன் பெரிய நன்மை. அடுக்குகள் உரிந்து வராது, பழுதுபார்ப்பதும் எளிது. ஆனால் நிறம் போட்ட அடுக்கின் மேல் பிரஷ்ஷை இரண்டாவது முறை இழுத்தால் நிறம் பெயர்ந்து திட்டுத்திட்டாகும். அகலமான, மென்மையான முடியுள்ள பிரஷ். நீளமாக ஒரே இழுப்பு. அடுத்த இழுப்பு அதன் ஓரத்தைத் தொட்டபடி. விட்டுப்போன இடம் தெரிந்தாலும் திரும்பிப் போகாதீர்கள், அடுத்த கையில் அது மறையும். தூள் அடியில் படியும் என்பதால் ஒவ்வொரு முறை தோய்க்கும் முன்னும் கலக்கிக்கொள்ள வேண்டும். ஒரு கைக்கும் அடுத்ததற்கும் குறைந்தது இரண்டு மணி நேரம், ஒரு நாளைக்கு மூன்று கைக்கு மேல் வேண்டாம்.

அடைமழை நாட்களில் வேலையை நிறுத்திவிடுங்கள். ஸ்பிரிட் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிந்து பூச்சு பால்போல் வெளுக்கும். கருப்பில் இது மிக மோசமாகத் தெரியும். காய்ந்த நாளில் ஸ்பிரிட் மட்டும் தொட்ட துணியை லேசாக ஓட்டினால் பெரும்பாலும் தெளிந்துவிடும், ஆனாலும் அந்தத் தொல்லை எதற்கு?

மூன்று நான்கு கை நிறம் ஏறியதும் ஓரிரவு விட்டு, 600 எண் வாட்டர் பேப்பரில் லேசாகத் தேயுங்கள். தண்ணீர் தொடாதீர்கள், டர்பன்டைன் சில சொட்டு போதும், ஷெல்லாக்கை அது கரைக்காது. அப்புறம்தான் இந்த வேலையின் உயிர்ப்பகுதி தொடங்குகிறது. தெளிந்த ஷெல்லாக்கில் நிறக் கரைசலைப் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகச் சேர்த்து மூன்று கை. பிறகு நிறமே இல்லாமல் எட்டு, பத்து கை. ஒவ்வொரு மூன்று கைக்கும் ஒருமுறை லேசாகச் சமப்படுத்த வேண்டும். தெளிந்த அடுக்கு தடிமனாக இருந்தால்தான் கடைசித் தேய்ப்பில் நிறம் வரை வெட்டிவிடாமல் தப்பிக்கலாம். நிறத்தையே தேய்த்துப் பளபளப்பாக்கப் பார்த்தால் கோடுகளும் சாம்பல் திட்டுகளும்தான் மிஞ்சும்.

உங்கள் அலமாரியில் இப்போது இருக்கும் நான்கு கைக் கருப்பை என்ன செய்வது? சாய்ந்த வெளிச்சத்தில் தேக்கின் ரேகை தெரியவில்லை என்றால் அதைச் சமப்படுத்தி அப்படியே தெளிந்த அடுக்குகளை ஏற்றுங்கள், வேலை பாதி முடிந்தது. ரேகை தெரிந்தால் மனதைத் திடப்படுத்திக்கொண்டு ஸ்பிரிட்டால் முழுவதும் கழுவி எடுத்துவிட்டுத் தளத்திலிருந்து தொடங்க வேண்டும். எனாமலாக இருந்தால் சுரண்டியே ஆகவேண்டும். ஷெல்லாக் என்பதால் துணியிலேயே வந்துவிடும்.

பொன் வேலையைத் தெளிந்த அடுக்குகளில் பாதி ஏறிய பிறகு செய்வது என் வழக்கம். அப்போது படம் அடுக்குகளுக்கு நடுவே மிதப்பது போலத் தெரியும், மீதி அடுக்குகள் அதைக் காக்கும். ஜப்பானில் மக்கியே என்ற முறையில் ஈர உருஷியால் கோலம் வரைந்து அதன் மேல் பொன் தூளைத் தூவுவார்கள். ஷெல்லாக்கில் அது நடக்காது, வரைந்து முடிப்பதற்குள் காய்ந்துவிடும். அதனால் எண்ணெய் அடிப்படையிலான கோல்டு சைஸ் பசையில் வரைந்து, ஒட்டும் பதம் வரும்போது தூளையோ பொன் தாளையோ வைக்க வேண்டும். மலை, பாறை, பறவை என்று புடைப்பாக வேண்டுமானால் சாக் பவுடரைக் கருவேலம் பிசின் கரைசலில் குழைத்து மெல்ல மெல்ல உயர்த்துங்கள். தஞ்சாவூர் ஓவியத்தில் புடைப்பு எழுப்பியவர்களுக்கு இதில் சொல்லித்தர எதுவும் இல்லை.

கடையில் பொன்தூள் என்று கிடைப்பது பெரும்பாலும் பித்தளைத் தூள். அதை ஷெல்லாக்கில் கலந்து வைத்தால் ஷெல்லாக்கின் அமிலம் செம்பைத் தாக்கிப் பச்சையாகும், சில நேரம் கூழாகவே உறைந்துவிடும். மைக்கா அடிப்படையிலான பொன் நிறத்தூள் இப்படிக் கெடாது. செலவு செய்ய முடிந்தால் அசல் பொன் தாள்தான். அதற்கு இணை எதுவும் இல்லை.

இன்னொரு அழகான வகையும் முயலலாம். ஜப்பானின் நெகோரோ கோயிலின் பெயரால் வழங்கும் பாணி அது. கருப்பு அரக்கின் மேல் சிவப்பு அரக்கு. துறவிகள் அன்றாடம் புழங்கிய பாத்திரங்களில் கை படும் இடங்களில் சிவப்பு தேய்ந்து அடியிலிருக்கும் கருப்பு எட்டிப் பார்க்கும். அந்தக் கோயில் 1585-ல் போர்த்தலைவர் ஹிதேயோஷியின் படையால் எரிக்கப்பட்டது. பாணி மட்டும் இன்றும் வாழ்கிறது. ஷெல்லாக்கில் இதைச் செய்யக் கருப்புக்கும் சிவப்புக்கும் நடுவே தெளிந்த ஷெல்லாக் மூன்று கை கொடுத்து ஒரு வாரம் இறுகவிடுங்கள். இல்லாவிட்டால் சிவப்பு அடிக்கும்போது கருப்பு கரைந்து மேலே வந்து பழுப்பாகிவிடும். பிறகு கை இயல்பாகப் படும் விளிம்புகளில் மட்டும் நுண்ணிய தாளால் தேய்க்க வேண்டும். நடுப்பரப்பில் தேய்ப்பு வைத்தால் யாருக்கும் நம்பத் தோன்றாது. தளத்தில் உள்ள சிறு குறைகள் இந்த வகையில் மறைந்துபோவதால், முதல்முறை செய்பவருக்கு நான் இதைத்தான் பரிந்துரைப்பேன்.

எல்லாம் முடிந்ததும் இரண்டு மூன்று வாரம் தொடாமல் விடுங்கள். உள்ளே அடைபட்ட ஸ்பிரிட் முழுக்க வெளியேறி, பூச்சு சுருங்க வேண்டிய அளவு சுருங்கட்டும். அவசரப்பட்டு மறுநாளே தேய்த்தால் அன்றைக்குக் கண்ணாடி மாதிரி தெரிந்தது பிறகு அலையாகும். 1000, 1500, 2000 என்று தாளை மாற்றி, பிறகு நுரைக்கல் தூள், கடைசியில் டிரிப்போலி. ஒவ்வொன்றுக்கும் மருந்துக் கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின் சில சொட்டு. முழுப் பளபளப்புக்கு முன்னாலேயே நிறுத்திவிடுவது என் விருப்பம். சற்று அடங்கிய ஒளியில்தான் அசல் அரக்கின் சாயல் வருகிறது.

எங்கே வைக்கலாம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஷெல்லாக் 65 முதல் 75 டிகிரிக்குள் இளகத் தொடங்கும். சூடான காபி டம்ளர் வெள்ளை வளையம் போடும். சானிடைசர், சென்ட், சாராயம் எதுவும் ஒரே சொட்டில் குழி பறிக்கும். சோப்புத் தண்ணீரும் அம்மோனியா கலந்த கிளீனரும் காரம் என்பதால் கரைக்கும். ஆக, சாப்பாட்டு மேசைக்கு வேண்டாம். விளக்கின் சூடும் எண்ணெயும் இருப்பதால் பூஜை அலமாரியின் உள்பக்கத்துக்கும் வேண்டாம். கண்ணாடிச் சட்டம், நகைப்பெட்டி, அலமாரிக் கதவு, சுவரோரச் சிறு மேசை ஆகியவற்றுக்குத் தாராளமாகச் செய்யலாம். மேற்கு வெயில் நேராக விழும் இடம் கூடாது. கோடையில் அதன் மேல் செய்தித்தாளை வைத்து மறந்தால் அச்சு ஒட்டிக்கொள்ளும்.

செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வந்த பர்மா அரக்குப் பெட்டியோ கூடையோ உங்களிடம் இருந்தால், அதில் இந்த முறையைப் பழகிப் பார்க்க வேண்டாம். அது பர்மாவில் தித்சி என்று சொல்லும் மரப்பாலால் ஆனது. உருஷிக்கு நெருங்கிய உறவு. அதன் மேல் ஷெல்லாக் ஏற்றினால் பழைய பொருளின் மதிப்பும் போகும், பூச்சும் சரியாக நிற்காது. எது என்று தெரியாத பழைய சாமானில் அடிப்பக்கத்து மறைவான மூலையில், பஞ்சுக் குச்சியில் ஸ்பிரிட் தொட்டு ஒருமுறை உருட்டிப் பாருங்கள். பிசுபிசுத்து நிறம் பஞ்சில் ஏறினால் ஷெல்லாக் வகை. ஒன்றும் நடக்காவிட்டால் மரப்பால் அரக்காகவோ எண்ணெய் வார்னிஷாகவோ இருக்கலாம். அதை உலர்ந்த மென்துணியால் தூசி துடைப்பதோடு விட்டுவிடுங்கள்.

நீங்கள் செய்த அலமாரியில் பின்னால் கீறல் விழுந்தால் பயப்பட வேண்டியதில்லை. மிச்சமிருக்கும் நிறத்தூளையும் செதிலையும் தனித்தனியாகக் காற்றுப் புகாமல், குளிர்ந்த இடத்தில் வைத்திருங்கள். தேவைப்படும் அன்று ஒரு மூடி அளவு மட்டும் கரைத்து, நுனிப் பிரஷ்ஷால் கீறலுக்குள் நிறத்தை நிரப்பி, காய்ந்ததும் தெளிந்ததை மட்டத்துக்குச் சற்று மேலே வரும்வரை ஏற்றி, ஒரு வாரம் கழித்துச் சுற்றியுள்ள பரப்போடு சமமாகத் தேய்த்துவிடலாம்.